பிளஸ் ஒன் படிக்கும் மகன் சிகரெட் பிடிக்கிறானோ என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது, எப்படிப் பேசுவது?

ஆச்சி_காரைக்குடி

வணக்கம். சொந்தக்காரர்கள் யாரிடமும் கேட்க முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன். மகனுக்குப் பதினாறு நடக்கிறது. அவன் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நான், அவன், என் மாமியார் மூன்று பேர்தான். பழைய வளவு வீடு, நாங்கள் முன்கட்டில் மட்டும் புழங்குகிறோம், பின்கட்டு பூட்டித்தான் கிடக்கும், முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பதோடு சரி.

கொஞ்ச காலமாக டியூஷன் முடிந்து வந்ததும் என் பக்கம் வராமல் நேராகக் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்து, கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். தண்ணீர் கொடுத்தால்கூட எட்ட நின்று வாங்குகிறான். கழற்றிய சட்டையைத் தரையிலிருந்து எடுக்காத பையன் இப்போது யூனிஃபார்மைத் தானே அலசிக் காயப்போடுகிறான். பேன்ட் பாக்கெட்டில் புதினா மிட்டாய்க் காகிதம். போன வாரம் பின்கட்டுச் சாவி ஆணியில் இல்லை, கேட்டால் பந்து உள்ளே விழுந்துவிட்டது என்றான். அப்புறம் நான் போய்ப் பார்த்தபோது மூலையில் எரிந்த தீக்குச்சிகள் கிடந்தன, சிகரெட் துண்டு எதுவும் இல்லை.

மாமியாருக்கு லேசாகத் தெரியும். தேவகோட்டையில் இருக்கும் அவன் பெரியப்பாவை வரச் சொல், அவர் கேட்கிற விதத்தில் கேட்பார் என்கிறார்கள். வெளியே மூச்சு விடாதே, நாளைக்குப் பெண் பார்க்கும்போது இதெல்லாம் வரும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். எனக்குப் பெண் பார்ப்பதெல்லாம் இப்போது கவலை இல்லை, பையன் உடம்புதான் கவலை.

இன்னொன்று. அவன் அப்பச்சியும் சிகரெட் பிடிப்பவர்தான். ஊருக்கு வந்தால் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பிடிப்பார். நான் கேட்கப் போய், அப்பச்சி பிடிக்கவில்லையா என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

வாத்தியார்_தேவகோட்டை

வணக்கம் ஆச்சி. மேல்நிலை வகுப்புகளுக்குப் பல வருஷமாகப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் எந்த ஒன்றும் தனியாக நிரூபணம் ஆகாது. சட்டையில் வாசனை என்றால் டீக்கடையில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் நிற்கும் நண்பன் பிடித்தாலும் ஒட்டும். புதினா மிட்டாய் எல்லாப் பிள்ளைகளும் தின்பது. ஆனால் வாய் கொப்பளிப்பது, எட்ட நிற்பது, சட்டையை அலசுவது, சாவி, தீக்குச்சி எல்லாம் ஒரே பக்கம் கை காட்டும்போது கேட்காமல் இருக்கக் கூடாது.

வேறு எதைக் கவனிப்பது என்றால், விளையாட்டில் பாருங்கள். ஊருணிக்கரையில் மாலை முழுக்க ஓடிய பையன் சீக்கிரம் மூச்சு வாங்கி உட்கார்கிறானா, காலையில் எழுந்ததும் இருமுகிறானா, வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேரும் இடத்தில் மஞ்சள் கறை இருக்கிறதா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருக்க வேண்டி வந்தால் சாயங்காலத்துக்குள் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்து, ஒரு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று சைக்கிளை எடுக்கிறானா. இந்தக் கடைசி அறிகுறியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன், வாசனையை மறைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தவிப்பை மறைக்கத் தெரியாது.

புகை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கும் சின்னப் புகையிலைப் பொட்டலம் இப்போது பள்ளிப் பிள்ளைகளிடம் ஓடுகிறது, வாசனையே தெரியாது. உதட்டின் உட்புறம் வெள்ளையாகவோ புண்ணாகவோ இருந்தால் அதைக் கேட்க வேண்டும். இ-சிகரெட் பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரியோ தடித்த பேனா மாதிரியோ இருக்கும், சார்ஜ் போடுவார்கள், பழ வாசனை வரும். இந்தியாவில் 2019லேயே அதைத் தயாரிக்க, விற்க, இறக்குமதி செய்யத் தடை வந்துவிட்டது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டியில் வருகிறது, நம் பக்கத்தில் அப்படி வந்து போகிறவர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் பிள்ளை மட்டும் என்று மனதைப் போட்டு வாட்டிக்கொள்ளாதீர்கள். 2019இல் இந்தியப் பள்ளிகளில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெண் பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இருந்தார்கள், பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போக வேண்டாம்.

பேசுவதைப் பற்றி. பையை அவன் கண்ணெதிரே கொட்டுவது, வாயை ஊதிக் காட்டு என்பது, இரண்டும் வேண்டாம். பெரியப்பாவை இப்போது கூப்பிடவும் வேண்டாம். நாலு பேர் கூடி ஒரு பதினாறு வயதுப் பையனை நடுவில் நிற்க வைத்தால் அவன் அந்த இடத்திலிருந்து தப்பிக்கிற வழியைத்தான் யோசிப்பான், கோயிலில் கற்பூரத்தை அணைத்துக்கூடச் சத்தியம் செய்துவிடுவான். நீங்கள் மட்டும், அவன் சாப்பிட்டு முடித்த பிறகு, மாமியார் படுத்த பிறகு பேசுங்கள். 'நீ பிடிக்கிறாயா' என்று கேட்டால் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். 'பின்கட்டில் தீக்குச்சி பார்த்தேன், எனக்குப் பயமாக இருக்கிறது, எப்போதிலிருந்து' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அவன் பேசாமல் இருக்கும் அந்த நேரத்தை நீங்கள் பேசி நிரப்பிவிடக் கூடாது, பெற்றோர்கள் தடுமாறுவது அங்கேதான்.

கானாடுகாத்தான்காரன்

வாத்தியார் ஐயா சொல்வது புத்தகத்துக்குச் சரி. எங்கள் காலத்தில் ஐயா கையில் பிரம்பு இருந்தது, ஊரில் எந்தப் பெரியவர் பார்த்தாலும் காதைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார். அந்தப் பயம் இருந்ததால்தான் பாதிப் பேர் தப்பித்தோம். இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, தெருவில் கேட்பதற்கு ஆள் இல்லை, பையன்களுக்கு அந்தப் பூட்டிய வீட்டுத் திண்ணைகள்தான் இடம். கண்டிப்பு இல்லாமல் பேச்சு மட்டும் வைத்தால் எடுபடாது ஆச்சி. போனைப் பிடுங்குங்கள், கைக்காசை நிறுத்துங்கள், டியூஷனுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வாருங்கள். அப்புறம் பேசலாம்.

வாத்தியார்_தேவகோட்டை

தெருவில் கேட்க ஆள் இல்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை, அதை ஒத்துக்கொள்கிறேன். கண்டிப்பு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பின்கட்டுச் சாவி இனி ஆச்சியின் இடுப்பில் இருக்கட்டும், செலவுக்குக் கொடுக்கும் காசைப் பையன் எதற்கு என்று சொல்லிவிட்டு வாங்கட்டும், வீட்டுக்குள் புகையிலை எந்த வடிவிலும் வரக் கூடாது என்பதை ஆச்சி தெளிவாகச் சொல்லட்டும். ஆனால் அடி விஷயத்தில் நான் பார்த்தவரை, அடி வாங்கிய பையன் பிடிக்கும் இடத்தை மாற்றுகிறான், பழக்கத்தை மாற்றுவதில்லை. அப்புறம் வேறு எது நடந்தாலும் வீட்டில் சொல்ல மாட்டான்.

பெட்டிக்கடை_கோட்டையூர்

நான் கடை வைத்திருக்கிறவன், அதனால் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் கடையில் பதினெட்டு ஆகாதவனுக்குக் கொடுப்பதில்லை, கேட்டுவிட்டுத் திட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஆச்சி வீட்டில் துண்டும் பெட்டியும் கிடைக்காததில் அதிசயம் இல்லை. பையன்கள் பெட்டி வாங்குவதில்லை, சில்லறையில் ஒன்று, இரண்டு பேர் சேர்ந்தால் ஒன்றையே பாதி பாதி. பெட்டியின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்துக்குப் புற்றுநோய்ப் படம் போட வேண்டும் என்று 2016இலிருந்து நடைமுறை, ஆனால் சில்லறையில் வாங்குகிற பிள்ளை அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. கூடவே ஒரு ரூபாய்க்கு மிட்டாய் கேட்பான், அது சேர்த்துத்தான் கணக்கு. காசாகத்தான் தருவான். ஜிபே போட்டால் அம்மா போனுக்கு மெசேஜ் போய்விடும் என்று அவர்களுக்கே தெரியும். ஆகவே செலவுக்குக் கேட்கும் காசை ஜிபேயில் அனுப்பினால், 'வேண்டாம், கையில் கொடுங்கள்' என்று அடிக்கடி கேட்கிறானா என்று பாருங்கள். நேரம் பெரும்பாலும் டியூஷன் முடிந்து இருட்டுவதற்குள் இருக்கும் அரை மணி நேரம்.

'அப்பாவுக்கு வாங்கி வரச் சொன்னார்' என்று சொல்லித்தான் நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள், அதில் பாதி உண்மையாகவே அப்பா அனுப்பியதுதான். இது எனக்கு ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிறது. பத்து வயதுப் பிள்ளை கையில் காசு கொடுத்து சிகரெட் வாங்கி வரச் சொல்கிற பழக்கத்தை நம் வீடுகளில் முதலில் நிறுத்துங்கள். பிராண்டு பெயர், விலை, எந்தக் கடையில் கேள்வி கேட்க மாட்டார்கள், எல்லாவற்றையும் நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

செவிலியர்_சிவகங்கை

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். இங்கே எல்லோரும் ஒழுக்கம் பக்கமாகவே பேசுகிறீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். நிகோடின் உள்ளே போன பிறகு இது உடம்பு சம்பந்தப்பட்டது. புகையை இழுத்த பத்து இருபது வினாடிக்குள் அது மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறையும், குறையக் குறைய எரிச்சல், கவனச் சிதறல். பிள்ளைகளின் மூளை இருபத்தைந்து வயதையொட்டித்தான் முழுதாக வளர்கிறது, அதனால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடுகிறார்கள். தினமும் பிடிக்காத பையனுக்கே அந்த ஏக்கம் வந்துவிடலாம். இதைப் பிடித்தால் படிப்பு டென்ஷன் குறைகிறது என்று பையன்கள் உறுதியாகச் சொல்வார்கள், பொய் சொல்லவில்லை, ஆனால் அப்போது குறைவதில் பெரும்பகுதி போன சிகரெட் இறங்கியதால் வந்த தவிப்பு. இதை ஒரு பதினாறு வயதுப் பையனிடம் அப்படியே சொல்லலாம், நன்றாகப் புரிந்துகொள்வார்கள். புற்றுநோய் வரும், ஐம்பது வயதில் செத்துப்போவாய் என்பது அவர்களுக்கு எட்டாத தூரம். ஒரு பழக்கம் உன்னை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆட்டி வைக்கிறது என்று சொன்னால் கோபம் வரும், அந்தக் கோபம் நமக்கு வேண்டும்.

விட்டால் என்ன ஆகும் என்பதையும் வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். தலைவலி, தூக்கமின்மை, சின்ன விஷயத்துக்கும் சண்டை, பசி அதிகமாகும். பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். அந்த மூன்று நாளில் மார்க்கைப் பற்றியும் பெரியப்பா மகனைப் பற்றியும் பேசாதீர்கள். பரீட்சை வாரத்தில் ஆரம்பிக்காமல் லீவு தொடக்கத்தில் நாள் குறிப்பது நல்லது. பிடிக்க வேண்டும் என்ற அந்த உந்துதல் ஒவ்வொரு முறையும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நிமிஷங்களைத் தள்ளிப்போட ஒரு சொம்பு தண்ணீர், நாலு தெரு நடை, வாயில் அசைபோட ஏதாவது, வீட்டில் தேன்குழலோ வறுத்த கடலையோ இருந்தால் போதும்.

1800-11-2356 என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் இல்லை, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். தமிழில் பேசுவார்கள். பையனே பேசினால் நல்லது, இல்லாவிட்டால் அம்மா பேசி எப்படி உதவுவது என்று கேட்கலாம். மனசு சம்பந்தமாக வேறு ஏதாவது இருக்கிறதென்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. நேரில் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள், ஓபி சீட்டில் பையனின் பழக்கத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி யாரும் சுவரில் ஒட்ட மாட்டோம், பயப்பட வேண்டாம். நிகோடின் சூயிங்கம் மெடிக்கலில் கிடைக்கிறது என்று பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி யாராவது சொல்வார்கள். நிகோடின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருளை மூன்று நான்கு நாள் வரை காட்டும். அவனுக்குத் தெரியாமல் எடுத்தால் உங்களுக்குப் பதில் கிடைக்கும், பையன் கிடைக்க மாட்டான்.

பள்ளத்தூரான்_சிங்கப்பூர்

ஆச்சி, பையனின் அப்பச்சி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் இங்கே வேலை பார்த்துக்கொண்டு ஊரில் பிள்ளைகளை விட்டிருப்பவன், சிகரெட்டை விட்டவன்.

அவரிடம் மறைக்காதீர்கள். ஆனால் போனில் அவர் கத்துவதற்காகச் சொல்லாதீர்கள், அவர் பங்கு என்ன என்பதற்காகச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2021 ஜனவரியிலிருந்து சிகரெட் வாங்கவும் பிடிக்கவும் இருபத்தொரு வயது ஆக வேண்டும். இ-சிகரெட் 2018இலிருந்து கையில் வைத்திருந்தாலே குற்றம். ஆர்ச்சர்ட் ரோட்டில் குறித்த இடத்தில் நின்றுதான் பிடிக்க முடியும். இதையெல்லாம் தினமும் கடைப்பிடிக்கிற மனிதர், ஊருக்கு வந்து இறங்கியதும் திண்ணையில் உட்கார்ந்து பிடித்தால் பையன் என்ன புரிந்துகொள்வான்? வீட்டில் ஒருவர் பிடித்தால் பிள்ளை ஆரம்பிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம்.

அப்பச்சி பிடிக்கவில்லையா என்று அவன் கேட்டால், 'பிடிக்கிறார், விட முடியாமல் பிடிக்கிறார், அதை அவரிடமே கேள்' என்று சொல்லுங்கள். அவர் பையனிடம் தன் வாயால் சொல்லட்டும், எந்த வயதில் ஆரம்பித்தார், எத்தனை முறை விடப் பார்த்தார், மாதத்துக்கு எவ்வளவு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அதில் போகிறது என்று. இரண்டு பேரும் ஒரே நாளில் நிறுத்துவதாகப் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. நான் விட்டபோது என் மகள் தினமும் இரவு வாட்ஸ்அப்பில் 'இன்னிக்கு?' என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்புவாள். அதற்குப் பதில் போட வேண்டுமே என்றுதான் பல நாள் தள்ளினேன்.

ஆச்சி_காரைக்குடி

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று இரவு பேசினேன். வாத்தியார் ஐயா சொன்னபடி கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், ரொம்ப நேரம் தரையையே பார்த்தான், பிறகு அழுதுவிட்டான். பத்தாவது லீவில் ஆரம்பித்திருக்கிறது. டியூஷன் முடிந்து நண்பர்கள் நாலு பேர், தினமும் இரண்டு மூன்று வரை போயிருக்கிறது. மலேசியாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரப் பையன் கொடுத்து அந்தப் பழ வாசனைக் கருவியையும் ஒருமுறை இழுத்தானாம். விட வேண்டும் என்று அவனுக்கே இருக்கிறது, ஆனால் அந்த நாலு பேரை விட்டால் பேச ஆளே இல்லை என்கிறான். அதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

அவன் அப்பச்சியிடமும் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், பள்ளத்தூர் அண்ணன் எழுதியதை அப்படியே அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை.

இரண்டு கேள்வி. இவர்கள் வாங்குகிற கடை பள்ளிக்கூடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, அதை என்ன செய்வது? அடுத்து, ஒரு நாளில் நிறுத்திவிட்டு மறுபடி பிடித்துவிட்டால் என்ன செய்வது?

வாத்தியார்_தேவகோட்டை

நல்லபடி பேசியிருக்கிறீர்கள் ஆச்சி. அந்த நாலு பேரை வெட்டிவிடச் சொல்லாதீர்கள். டியூஷன் நேரத்தை மாற்ற முடியுமா பாருங்கள், அந்த அரை மணி நேரத்தில் வேறு ஏதாவது இருந்தால் போதும், வாலிபால், ஜிம், எதுவானாலும். அந்த நாலு பேரில் இன்னொருவனும் விட நினைத்துக்கொண்டிருப்பான், அதையும் மகனிடம் சொல்லி வையுங்கள்.

கடைக்கு: 2003ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், விற்கவே கூடாது. அபராதம் 200 ரூபாய்தான், அதனால் கடைக்காரர்கள் பயப்படுவதில்லை. ஆனால் 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், பெற்றோர் நாலைந்து பேர் கையெழுத்தோடு, மகன் பெயர் எதுவும் இல்லாமல். பள்ளியைச் சுற்றி அந்த நூறு கஜத்தை மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது, போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சுகாதார ஆய்வாளருக்கும் காவல் நிலையத்துக்கும் நகல். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம்.

பெட்டிக்கடை_கோட்டையூர்

மனு கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து அந்தக் கடைக்கு நேரில் போய், அந்த 77ஆம் பிரிவை மட்டும் சொல்லிப் பாருங்கள். நிறையப் பேருக்கு 200 ரூபாய்தான் தெரியும், ஏழு வருஷம் தெரியாது. கேட்கவில்லை என்றால் மனு.

செவிலியர்_சிவகங்கை

மறுபடி பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நீங்களும் நினைக்க வேண்டாம், அவனையும் நினைக்க விட வேண்டாம். பெரும்பாலானவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றுதான் விடுகிறார்கள். பிடித்த அன்றைக்கு உங்களிடம் வந்து சொல்கிறான் என்றால் அதற்குத் திட்டக் கூடாது, அந்தக் கதவு மூடிவிடும். யார் கூட இருந்தான், எந்த இடம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, இந்த மூன்றையும் அவனையே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை எழுதினால் ஒரே இடமோ ஒரே ஆளோ திரும்பத் திரும்ப வருவது அவனுக்கே தெரியும். உதவி எண்ணில் பேசும்போது அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும், அவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.